மலைத்தீயின் அளவும் உருவமும்

மாசி, பங்குனி மாதங்களில் விருதுநகர் ஜில்லாவின் மேற்கெல்லையிலுள்ள மலைத்தொடரில், இராக்காலங்களில் செந்நிறக் கோடுபோல் தீ படர்வதை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புத் தாலுகாக்களிலுள்ள குடியானவர்கள் பன்முறை கண்டிருப்பார்கள். மறுநாள் காலையில் ஊர்ச் சாவடியில் அதைப்பற்றிய பேச்சு எழும். எரிந்தது நூறு ஏக்கர் என்பார் ஒருவர். ஆயிரத்துக்குக் குறையாது என்பார் மற்றொருவர். தீ மலையுச்சியிலிருந்து இறங்கிற்று என்று ஒரு சாராரும், அடிவாரத்துத் தோட்டமொன்றிலிருந்து ஏறிற்று என்று வேறொரு சாராரும் வாதிப்பார்கள். பழி யாரேனும் ஒரு பட்டாதாரர்மீது விழுவதும் உண்டு. தீயின் விஸ்தீரணத்தையும் அது பிறந்த இடத்தையும் கண்மதிப்பாகச் சொல்வதால் வரும் தொல்லைகள் இவை.

இக்காலத்தில் பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்களின் உதவியால் உலக முழுவதிலும் நிகழும் காட்டுத்தீக்களின் அளவையும் உருவத்தையும் படமாக வரையும் முறை ஏற்பட்டிருக்கிறது. அம்முறை எவ்வாறு நடைபெறுகின்றது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றை மலையடிவாரத்து நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

மலையும் கண்மாயும்

இந்த மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவைச் சேர்ந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவுகளிற் செழித்து வளரும் புல், தை மாதத்துக்குப் பின் காய்ந்து, மாசி பிறக்கும்போது வைக்கோலுக்கு ஒப்பாகிவிடுகிறது. இலையுதிர் மரங்களின் சருகும் அதன்மேற் சேர்கிறது. வறண்ட சீதோஷ்ணமே சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வளர்வதற்கு ஏற்றதாயிற்று. அதே வறட்சி மலைப்புல்லை ஒரு பொறிக்கு இரையாக்கவும் வல்லது.

1988-ஆம் ஆண்டில் இம்மலைக்காடு சாம்பல்நிற அணிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், மேகமலைக் காட்டுடன் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் ஏற்படுத்தப்பட்டது. அதன் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அஃதாவது சுமார் இரண்டரை லட்சம் ஏக்கர். இவ்வளவு விரிந்த காட்டைக் காவலர்கள் காலால் நடந்து அளந்து வருவது எளிதன்று.

காடு எரிந்தால் விவசாயிக்கு என்ன நஷ்டம் என்று எண்ணுதல் தவறு. பிளவக்கல்லிலுள்ள பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கும், மலையடிவாரத்துக் கண்மாய்கள் பலவற்றுக்கும் நீர் தருவன இம்மலையோடைகளே. புல்லும் சருகும் எரிந்து மண் வெறுமையாய்க் கிடக்கும் சரிவில், சித்திரை, வைகாசியிற் பெய்யும் இடிமழை விழுமாயின், மேல்மண் கரைந்து ஓடை வழியே இறங்கிக் கண்மாயில் வண்டலாகப் படிகிறது. நிலத்தில் ஊறி மெல்லக் கசிந்து வரவேண்டிய ஜலம் ஒரே நாளில் வெள்ளமாய் ஓடிவிடுகிறது. மலையில் எத்தனை ஏக்கர் எரிந்தது, எந்த ஓடையின் தலைப்பில் எரிந்தது என்ற கணக்கு, கீழேயுள்ள ஆயக்கட்டுதாரருக்கும் உரிய கணக்கேயாகும்.

தீப்புள்ளி என்பது யாது?

செயற்கைக்கோள் தீயைச் சுவாலையாகக் காண்பதில்லை; உஷ்ணமாகவே காண்கிறது. எல்லாப் பொருள்களும் தத்தம் உஷ்ணத்துக்கேற்பக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. வெயிலிற் காய்ந்த பாறை ஒருவகை அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர் வீசும். எரியும் தீயோ அதனினும் குறுகிய அலைநீளத்தில் மிகுதியாக வீசும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, சுற்றுப்புறத்தைக் காட்டிலும் மிகவும் வேறுபட்ட இடத்தைத் தீப்புள்ளி என்று கருவி குறிக்கிறது.

1999-ல் ஏவப்பட்ட டெர்ரா, 2002-ல் ஏவப்பட்ட அக்வா என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களிலுள்ள மோடிஸ் என்ற கருவி இவ்வேலையைப் பெருமளவில் தொடங்கிற்று. அதன் தீப்புள்ளி ஒன்று, ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் உள்ள கட்டத்தைக் குறிப்பதாகும். அஃதாவது சுமார் 247 ஏக்கர். 2011-ஆம் ஆண்டுமுதல் ஏவப்பட்டு வரும் வேறு செயற்கைக்கோள்களிலுள்ள விர்ஸ் என்னும் கருவி 375 மீட்டர் கட்டமாகப் பார்க்கிறது. அதன் பரப்பு சுமார் 35 ஏக்கர். விர்ஸ் கருவியைத் தாங்கிய செயற்கைக்கோள்கள் பகல் ஒன்றரை மணியளவிலும் இரவு ஒன்றரை மணியளவிலும் ஓரிடத்தைக் கடந்து செல்லும்.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை 2004-ஆம் ஆண்டுமுதல் இத்தீப்புள்ளிகளைக் காட்டெல்லைப் படங்களோடு பொருத்தி, அந்தந்த மாகாண வன இலாகாவுக்குத் தெரிவித்து வருகிறது. எந்த ஜில்லா, எந்தச் சரகம், எந்தக் காவற்பகுதி என்ற விவரத்துடன் கைபேசிக்குச் செய்தி அனுப்பப்படுகிறது. பொதுமக்களும் பெயரைப் பதிவு செய்துகொண்டால் தங்கள் ஜில்லாவுக்குரிய செய்தியைப் பெறலாம்.

இங்கே ஒன்றை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். தீப்புள்ளி என்பது கட்டத்தின் நடுவைக் காட்டும் குறியேயன்றித் தீ எரிந்த சரியான இடமன்று. 35 ஏக்கர் கட்டத்துக்குள் எந்த மூலையிலேனும் தீ எரிந்திருக்கலாம்; கட்டத்தில் ஒரு சிறு பகுதியே எரிந்திருப்பினும் புள்ளி தோன்றலாம். அடிவாரத்தில் 35 ஏக்கருக்குள் பத்துப் பன்னிரண்டு சர்வே நம்பர்களும், ஒரு ஓடைப் புறம்போக்கும், காட்டின் ஓரமும் அடங்கியிருப்பது சாதாரணம். ஆகையால் ஒருவருடைய பட்டாவில் புள்ளி விழுந்தது என்பதை மாத்திரம் கொண்டு அவரே தீயிட்டார் என்று முடிவு செய்தல் நியாயமாகாது. காட்டுக்குள் புள்ளி விழுந்தது கொண்டு பட்டாதாரர் குற்றமற்றவர் என்று விட்டுவிடுதலும் அப்படியே. புள்ளியானது சென்று பார்க்கும்படி விடுக்கும் அழைப்பு, தீர்ப்பன்று.

கரிந்த நிலத்தை அளத்தல்

தீ எரியும்போது தோன்றும் புள்ளிகளைக் கூட்டி விஸ்தீரணம் கணக்கிடுதல் பிழைக்கு இடமாகும். இரண்டு வேளைகளுக்கு இடையில் ஓடி அணைந்த தீ புள்ளியாகப் பதிவதே இல்லை. மேகமும் அடர்ந்த மரக்கிளைகளும் தீயை மறைத்துவிடும். ஆதலின் அளவையும் உருவத்தையும் அறிவதற்கு வேறொரு வழி கைக்கொள்ளப்படுகிறது. தீ அணைந்தபின் எஞ்சும் கரிந்த நிலத்தை அளப்பதே அவ்வழி.

பசுமையான இலை, அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு வகையை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. கரிந்த நிலம் அந்தக் கதிரைக் குறைவாகத் திருப்பி, சற்று நீண்ட அலையுள்ள வேறொரு கதிரை மிகுதியாகத் திருப்புகிறது. தீக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் கட்டங்கட்டமாக ஒப்பிட்டால், எரிந்த நிலம் கறைபோல் பிரிந்து தெரியும். அமெரிக்க லாண்ட்ஸாட் செயற்கைக்கோளின் கட்டம் 30 மீட்டர் சதுரம். விவசாயிகளின் கணக்கில் சுமார் 22 சென்ட். ஐரோப்பியரின் சென்டினல்-2 இவ்வேலைக்குப் பயன்படுத்தும் கட்டம் 20 மீட்டர் சதுரம். சுமார் 10 சென்ட். இந்தியாவின் ரிசோர்ஸ்ஸாட் செயற்கைக்கோள்களும் இத்தகைய படங்களை எடுக்கின்றன.

இவ்வளவு நுட்பமான படம் நாள்தோறும் கிடைப்பதில்லை. இரண்டு லாண்ட்ஸாட்கள் சேர்ந்து எட்டு நாட்களுக்கு ஒருமுறையும், இரண்டு சென்டினல்கள் சேர்ந்து ஐந்து நாட்களுக்கு ஒருமுறையும் ஓரிடத்தைப் பார்க்கின்றன. நாள்தோறும் பார்க்கும் கருவி பெருங்கட்டமாகவும், சிறுகட்டமாகப் பார்க்கும் கருவி சில நாட்களுக்கு ஒருமுறையும் பார்ப்பதால், முன்னது தீயின் தேதிக்கும் பின்னது நிலத்தின் அளவுக்கும் பயன்படுகின்றன.

உருவத்திலிருந்து பிறப்பிடம் அறிதல்

கோடையில் கண்மாய் வற்றும்போது நீர் இறங்கிய ஒவ்வொரு நிலையும் கரையில் ஒரு கோடாகப் பதிந்திருப்பதைக் காணலாம். அக்கோடுகளைப் பார்த்தே எந்தப் பக்கம் விரைவில் வற்றியது என்று சொல்லிவிடலாம். தீயின் படமும் இவ்வாறே அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் எந்தத் தேதியில் எரிந்தது என்று குறித்து, ஒரே தேதியிலுள்ள கட்டங்களைக் கோட்டால் இணைத்தால், தீ நாளுக்கு நாள் பரவிய வரிசை தெரிகிறது. அவற்றுள் எல்லாவற்றுக்கும் முந்திய தேதியுள்ள கட்டமே தீ பிறந்த இடமாகும். ஒரு நாளின் கோட்டுக்கும் மறுநாளின் கோட்டுக்கும் இடையிலுள்ள தூரம் தீயின் வேகத்தைச் சொல்லும். கோடுகள் நெருங்கியிருந்தால் தீ தயங்கியது, விலகியிருந்தால் ஓடியது.

மலைச்சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்தேறும். சுவாலை மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடேற்றுவதும், பகற்காற்று பெரும்பாலும் சரிவில் மேல்நோக்கி வீசுவதும் அதற்குக் காரணங்கள். ஆகையால் அடிவாரத்திற் பிறந்த தீ, அடி குறுகி மேல் அகன்ற முறத்தைப்போன்ற உருவமுடையதாய் இருப்பது வழக்கம். அக்குறுகிய முனை எங்கே இருக்கிறதென்பதே விசாரணைக்கு உரிய கேள்வி. அது தோட்டத்து வேலியருகிலா, நடைபாதையிலா, ஆடுமாடு மேயும் புல்வெளியிலா என்பதைப் படம் ஓரளவே காட்டும். மற்றதை நிலத்திற் சென்றே அறியவேண்டும்.

சரிவிற் செல்லும் தீயின் வேகத்தைப் பொருட்படுத்தாமையால் நேரும் ஆபத்து இந்த ஜில்லாவுக்கு அண்மையிலேயே வெளிப்பட்டது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்களைத் தீ சூழ்ந்துகொள்ள, இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தாணிப்பாறை வழியே செல்லும் பக்தர்களை, மலையில் தீ உள்ளபோது வன இலாகா தடுத்து நிறுத்துவதன் காரணம் இதனால் விளங்கும்.

உலகத் தீக் கணக்கு

இம்முறையை உலக முழுவதற்கும் பயன்படுத்தி, 2003 முதல் 2016 வரையுள்ள ஆண்டுகளின் தீக்களைத் தனித்தனியே பிரித்து விஞ்ஞானிகள் ஒரு தீப்பட நூல் ஆக்கி, 2019-ல் அதன் விவரத்தை வெளியிட்டனர். அதிற் கண்ட தீக்கள் ஒரு கோடியே முப்பத்துமூன்று லட்சம். ஒவ்வொன்றுக்கும் பிறந்த இடம், எல்லை, பரப்பு, எரிந்த நாட்கள், வேகம், திசை ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரியது 2007-ல் வட ஆஸ்திரேலியாவில் 72 நாட்கள் எரிந்தது. அதன் பரப்பு 40,026 சதுர கிலோமீட்டர். விருதுநகர் ஜில்லாவைப்போல் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டது.

உலகில் எரியும் நிலத்தில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்தது. 1998 முதல் 2015 வரை உலகில் ஆண்டுதோறும் எரியும் பரப்பு சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்பது செயற்கைக்கோள்களால் அறியப்பட்ட மற்றொரு செய்தி. புல்வெளிகள் விளைநிலங்களாக மாறி, மேய்ச்சல் பெருகி, தீ பரவும் வழி துண்டிக்கப்பட்டமையே அதற்குப் பெருங்காரணம் என்று கூறப்படுகிறது. உழுத நிலம் தீக்குத் தடை என்பதை இது காட்டும். ஆனால் உழவன் இடும் தீயே காட்டுக்குள் புகும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது.

சிறு தீக்கள்

மேற்கூறிய உலகப்பட நூலில் ஒரு கட்டத்தின் பரப்பு 21 ஹெக்டேர். அஃதாவது சுமார் 52 ஏக்கர். அதனினும் சிறிய தீக்கு அதில் இடமில்லை. இதனால் விடுபடுவது எவ்வளவு என்பதை 2016-ஆம் ஆண்டின் ஆப்பிரிக்கக் கணக்கு உணர்த்தும். சகாராவுக்குத் தெற்கிலுள்ள பிரதேசத்தைச் சென்டினல்-2 படங்களைக்கொண்டு சிறுகட்டமாக அளந்தபோது, பெருங்கட்ட அளவைக் காட்டிலும் நூற்றுக்கு எண்பது பங்கு அதிகமான நிலம் எரிந்திருந்தது தெரியவந்தது.

விருதுநகர் ஜில்லாவின் நிலையும் இத்தகையதே. அடிவாரத்து மாந்தோப்பில் கூட்டியெரிக்கும் சருகு, தென்னந்தோப்பில் எரிக்கும் மட்டை, கரிசலிற் பிடுங்கியெரிக்கும் பருத்திமார், வரப்புப் புல்லுக்கு இடும் தீ ஆகியவை கால் ஏக்கர், அரை ஏக்கர் அளவின. உலகப்படத்தில் இவை தோன்றா. எனினும் மலையேறிப் படத்தில் பதியும் பெருந்தீயில் சில இப்படிப்பட்ட சிறு தீயிலிருந்தே பிறக்கின்றன. பிறப்பு மறைந்து, வளர்ச்சி மாத்திரம் படத்தில் விழுகிறது. இந்த இடைவெளியை நிரப்பவல்லவர் அவ்வூரிலேயே உள்ளவர்தாம்.

பிற உஷ்ணங்கள்

உஷ்ணமுள்ளவையெல்லாம் காட்டுத்தீ அல்ல. சிமெண்டு ஆலைச் சூளைபோல் ஓரிடத்தில் நாள்தோறும் நிலைத்திருக்கும் உஷ்ணத்தையும் கருவி குறிக்கக்கூடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றுவதால் அதனை நிலையான உஷ்ணம் என்று தனிவகைப்படுத்துகிறார்கள். திருச்சுழி, காரியாபட்டிப் பக்கங்களில் சீமைக்கருவேல மரத்தைச் சுடும் கரிமூட்டம், மண்ணால் மூடப்பட்டுப் புகைவதாகையால் பெரும்பாலும் கருவிக்கு அகப்படாது.

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் நேரும் வெடிவிபத்துக்களையும் இவ்வழியாக அறியலாமோ என்று கேட்பவருண்டு. அவை நொடிப்பொழுதில் நிகழ்ந்து சிறிய இடத்துக்குள் முடிபவை. செயற்கைக்கோள் கடந்து செல்லும் வேளையில் நிகழ்ந்தாலன்றிப் பதிவாகமாட்டா. ஆலைத் தீக்கு ஆலையிலுள்ள ஜாக்கிரதையே காவல். ஆகாயக் கண் உதவாது.

செய்யவேண்டுவன

நிலச்சுவான்தார்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

முதலாவது, காட்டெல்லையை அடுத்த நிலத்தில் தை மாதம் முதல் கோடைமழை வரையில் எவ்விதக் கழிவையும் எரிக்காதிருத்தல். பருத்திமாரை நிலத்தில் நிற்கவிட்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்குமென்பது மெய்யே. ஆனால் அதனை இயந்திரத்தால் துணித்து மடக்கி உழலாம். தென்னைமட்டையையும் மாஞ்சருகையும் குழியிலிட்டு மக்கவைத்தால் எருவாகும். சாம்பலில் தழைச்சத்து எஞ்சுவதில்லை.

இரண்டாவது, காட்டை ஒட்டிய வரப்பு நெடுகப் புல்லையும் சருகையும் செதுக்கி, வெறும் மண் தெரியும் தடம் ஒன்றைத் தை மாதத்துக்குள் அமைத்தல். மலையிலிருந்து இறங்கும் தீயினின்று தோப்பையும், தோப்பிலிருந்து ஏறும் தீயினின்று மலையையும் அது காக்கும்.

மூன்றாவது, தம் நிலத்தில் தவறித் தீப்பற்றினால் மறைக்காமல் உடனே வனக்காப்பாளருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவித்தல். சரணாலயத்துக்கு ஆபத்து விளையும்படி தீ மூட்டுவதையும், எரியும் தீயை அணைக்காமல் விடுவதையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடுக்கிறது.

கிராம நிர்வாக அலுவலர்கள் கோடைக்காலத்தில் ஒரு தீக்குறிப்பு வைத்துக்கொள்ளலாம். தேதி, வேளை, முதலில் புகை கண்ட இடம், சர்வே நம்பர், காற்றின் திசை, எரிந்த உத்தேசப் பரப்பு, அணைந்த நாள் ஆகிய ஏழு விவரங்கள் போதும். தீப்புள்ளிச் செய்தி வந்தால், புள்ளி குறித்த சர்வே நம்பரோடு நில்லாமல், அதைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் இருநூறு, முந்நூறு மீட்டர் வரையில் பார்வையிட வேண்டும். கரிந்த நிலத்தின் எல்லையைக் கைபேசியிலுள்ள இடங்காட்டும் வசதியைக்கொண்டு நடந்து குறித்து, புலப்படத்தோடு ஒப்பிட வேண்டும். எரிந்த உருவத்தின் குறுகிய முனை எங்கே என்று பார்த்தபின்னரே யாரையும் விசாரிக்க வேண்டும். இவ்வாறு செய்தால் குற்றமற்ற பட்டாதாரர்மீது வீண்பழி விழாது. கவனக்குறைவுள்ளவர் தப்பவும் இயலாது.

அமெரிக்க நாசா நிறுவனத்தின் தீச்செய்தி ஏற்பாடு, செயற்கைக்கோள் கடந்த மூன்று மணி நேரத்துக்குள் உலகின் எப்பகுதியின் தீப்புள்ளிகளையும் எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் புவன் என்னும் படத்தளத்திலும் இவ்விவரங்கள் வெளியிடப்பட்டுள்ளன. இவற்றைப் பார்க்கக் கட்டணமில்லை. ஆயினும் புள்ளி தோன்றும்போது தீ ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கும். அப்புள்ளி தோன்றாதபடி செய்யும் வேலை வானிலில்லை. அடிவாரத்து வரப்பிலேதான் இருக்கிறது.